கரையாத வெல்லம்

புவனா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் ஒரே தட்டில் காய் நறுக்குகிறவளுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். நீ வேப்பம்பட்டுக்கு, உன் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போயிருக்கிறாய். மாமா மாவு மெஷின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுத் தூங்குகிறார். இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் அவரை எழுப்பாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். நடுநடுவே எழுந்துபோய் மாவு ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன், அதனால் அங்கங்கே காகிதத்தில் மாவு ஒட்டியிருக்கும், கோபித்துக்கொள்ளாதே. நேரில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் என் வாய் எப்படிப்பட்டது என்று இந்த மணவாள நகருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை உன் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது சாம்பார்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி நீ சொன்னாயே, "அத்தே, கடம்பத்தூர் மாப்ள ஊட்டுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்க. நான் இங்கயே இருந்துக்கினு போறேன். நான் போய்ட்டா உங்க ரெண்டு பேரயும் யாரு பாத்துப்பா?" என்று. நான் "சாம்பார் ஆறுது, ஊத்து" என்றேன். என் பதில் இந்தக் கடிதம்தான்.

முதலில் மருமகளுக்கு என்று எழுதிவிட்டு அடித்தேன். என் மகன் ராகவனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் நீ. அவன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மகன் இல்லாமல் மருமகள் என்ன கணக்கு? உன் அண்ணன் வந்து உன் பெட்டியைத் தூக்கியபோது நீ அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, "என் ஊடு இதான்" என்று திருப்பி உள்ளே வைத்தாய். அன்றைக்கே நீ மகளாகிவிட்டாய். ஆனாலும் என்னை அம்மா என்று கூப்பிடு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உன்னைப் பெற்றவள் நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போனவள், அவளுடைய இடம் அவளுக்கே இருக்கட்டும். அத்தை என்கிற இடம் எனக்குப் போதும், அதை நீ நன்றாக நிரப்பிக் கொடுத்தாய்.

ராகவனைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் அந்த ஏரிக் கதை எங்கே தொடங்கியது என்று உனக்குப் பாதிதான் தெரியும். கும்மிடிப்பூண்டிக் கம்பெனியில் அவனைப் பர்னஸ் பக்கம் போட்டபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரும்புக் கட்டியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி வெளியே தள்ளுகிற இடம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவான், சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். வந்ததும் குளியலறைக்குப் போய்க் குடம் குடமாக ஊற்றிக்கொள்வான். நம்ம ஊர்த் தண்ணீர் சித்திரையில் எப்படி இருக்கும்? "யம்மா, டேங்க்ல தண்ணிய ஊத்தி வெச்சியா, அடுப்புல வெச்சியா?" என்று உள்ளிருந்து கத்துவான். அவன் கூடவே வேலை பார்த்தவர் பாசங், சிக்கிமிலிருந்து வந்தவர். அவர்தான் போனில் அவர்கள் ஊர் ஏரியைக் காட்டியிருக்கிறார். மலைமேல் பனி உருகி இறங்கி நிற்கிற ஏரி. அன்று வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "ஒரு தபா இதுல கால வெக்கணும்மா, அப்புறம் பர்னஸ்ல இன்னும் இருவது வருஷம் ஓட்டிடுவேன்" என்றான். நீ வந்த பிறகு உன்னையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. லீவு கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைக்காது. அப்படியே தள்ளிக்கொண்டே போயிற்று. இளவயசு, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நாம் எல்லோருமே நினைத்தோம்.

அப்புறம் ஐப்பசி மழையில் அந்த ஜுரம் வந்தது. அதை நான் விலாவாரியாக எழுத மாட்டேன், நீயும் கூடத்தான் இருந்தாய். ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அமாவாசை வந்தது. நம்ம பெருமாள் கோவில் குளத்தில் வெல்லம் கரைத்தால், அது கரைகிற மாதிரி நோவும் கரைந்து போகும் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறார்கள். உள்ளூரில் இருக்கிற நான் விடுவேனா? உன்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். படியில் உட்கார்ந்து உருண்டை வெல்லத்தைத் தண்ணீரில் விட்டேன். என் கண் முன்னாலேயே அது இளகி, பழுப்பாகப் பரவி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பெருமாள் கேட்டுவிட்டார் என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தால் நீ வாசல்வரை ஓடி வந்தாய். "அத்தே, ஜுரம் உட்டுச்சு! ஒடம்பு ஜில்லுனு கீது!" நான் போய் அவன் நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்றுதான் இருந்தது. நாம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த மாதிரி ஜுரத்தில் சூடு இறங்கிய பிறகுதான் கண்டம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் அவன் இல்லை.

அன்றைக்கு நான் பெருமாளோடு பேச்சை விட்டேன். கேட்காத சாமியைவிட, கேட்டமாதிரி காட்டிவிட்டு ஏமாற்றுகிற சாமிமேல்தான் எனக்குக் கோபம். அமாவாசை வந்தால் ஊரே குளத்துக்குப் போகும், நான் கதவைச் சாத்திக்கொண்டு மாவு அரைத்தேன். மாமா ஒருதரம், "பெருமாள் கிட்ட போயி ஏன்டி ரோசம் காட்டிக்கினு கீற?" என்று கேட்டார். "நீங்க வேணா போயி காட்டாம வாங்க" என்றேன்.

வருஷம் திரும்பிய பிறகு பாசங் போன் செய்தார். கும்மிடிப்பூண்டி வேலையை விட்டு ஊரோடு போய் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நம்ம ஊரில் கற்ற தமிழ் அப்படியே இருந்தது. "அம்மா, ராகவன் அண்ணன இட்டுக்கினு போறேன்னு சொல்லிக்கினே இருந்தேன். அவரு வரல. நீங்களாவது வாங்கம்மா." அன்று ராத்திரி நீ, "போலாமா அத்தே?" என்று கேட்டாய். மாமா வர மறுத்துவிட்டார். "அவன் இல்லாத ஊட்ல இருக்கறதே பேஜாரா கீது. அவன் இல்லாத மலைக்கு வேற போவணுமா? நீங்க போய்ட்டு வாங்க" என்றார். நான் பையில் வெல்லத்தை எடுத்து வைத்தபோது நீ கேலி செய்தாய், அங்கே போய்ப் பொங்கல் வைக்கப்போகிறீர்களா என்று. நான் காரணம் சொல்லவில்லை. நம்ம ஊர்க் குளத்திடம் கேட்பதாக இல்லை, வேறு ஒரு தண்ணீரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவன் ஆசைப்பட்ட தண்ணீர்தானே, என் பாரத்தை அதுவாவது வாங்கிக்கொள்ளும் என்று ஒரு நப்பாசை.

பாசங்கின் காரில் மலைமேல் போகப்போகத் தலை கனத்தது, நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. காரை விட்டு இறங்கி அந்த ஏரியைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஆனந்தம் இல்லை, ஆத்திரம். துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை யாரோ பாட்டிலோடு கவிழ்த்துவிட்ட மாதிரி அப்படி ஒரு நிறம். அக்கரையில் பனி, அதற்கு மேல் வெள்ளை மலை. இவ்வளவு குளிர்ச்சியை ஓர் இடத்தில் கொட்டி வைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பர்னஸ் வாயில் நிறுத்தினானே கடவுள் என்று நினைத்தேன். நீ அசையாமல் நின்றுகொண்டிருந்தாய். நான் கரையோரம் குந்தி, பையிலிருந்து வெல்லத்தை எடுத்து, ராகவனை நினைத்துத் தண்ணீரில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் வெல்லம் போட்டபடியே கூழாங்கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு துளி நிறம்கூட இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் பார்த்தேன். கடையில் வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதற்குள் பாசங் ஓடி வந்துவிட்டார்.

"இன்னாம்மா, கல்ல எதுனா போட்டியா?"

"கல்லு இல்லப்பா, வெல்லம்."

"வெல்லமா? இது சாமி ஏரிம்மா. இதுல ஒண்ணும் போடக் கூடாது. எங்க ஆளுங்க பாத்தா சண்டைக்கு வந்துடுவாங்க."

"எங்க ஊரு சாமி கொளத்துல போட்டாத்தான்பா நல்லது."

"அது உங்க சாமி. எங்க சாமிக்கு தண்ணி சுத்தமா இருக்கணும். எடுத்துடும்மா."

எடுத்தேன். மணிக்கட்டுவரை கையை விட்டதும் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெல்லத்தைப் பிடித்திருக்கிறேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை முந்தானையில் துடைத்துப் பையில் போட்டபோது எனக்கு மனசு விட்டுப் போயிற்று. ஒரு தண்ணீர் கரைத்துக்கொண்டு பிள்ளையைத் தரவில்லை, இன்னொரு தண்ணீர் கரைக்கவே மாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில்தான் நீ பாசங்கிடம் ஏரியில் கால் வைக்கலாமா என்று கேட்டாய். ஏரியில் வேண்டாம், வெளியே வழிந்து ஓடுகிற ஓடையில் வையுங்கள் என்று அவர் இடம் காட்டினார். நீ செருப்பைக் கழற்றினாய், புடவையைத் தூக்கிச் செருகினாய், இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே வைத்தாய். வீல் என்று கத்தினாய். பிறகு சிரித்தாய். குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தாய். அவன் போன பிறகு உன் வாயிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

புவனா, எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் நான் உன்னை வெறுத்தேன். என் பிள்ளை கால் வைக்க ஆசைப்பட்ட தண்ணீரில் நின்றுகொண்டு இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது, கட்டினவளுக்கு அவ்வளவுதான், பெற்றவளுக்குத்தான் எல்லாம் என்று வயிறு எரிந்தது. விடுவிடென்று போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். கீழே இறங்கும்போதும் உன்னோடு பேசவில்லை, லாட்ஜிலும் பேசவில்லை, ரயில் ஏறியும் பேசவில்லை. "இன்னா அத்தே, மலை ஒத்துக்கலியா? நாஷ்டா கூட துண்ணல" என்று நீ சுற்றிச் சுற்றி வந்தாய். மரத்துப்போன என் விரல்களை உன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். அது உனக்கு வலித்திருக்கும். வலிக்க வேண்டும் என்றுதான் இழுத்தேன்.

கூடூர் தாண்டி, சூலூர்ப்பேட்டை தாண்டி வண்டி வந்தது. கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது நீ ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாய். வெளியே புகைபோக்கிகள் வரிசையாகப் போயின. அவனுடைய கம்பெனி எது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது, ஒன்றை மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, மறைகிறவரை பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்:

"அத்தே, அந்தத் தண்ணில கால வெச்சா ஜில்லுனு இல்ல. சுட்டுது. நெருப்பு மாதிரி சுட்டுது. அவரு மட்டும் வெச்சிருந்தா, 'அடப்பாவி பாசங்கு, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன், இந்தச் சூடு கும்மிடிப்பூண்டிலயே கெடைக்குதேடா'ன்னு கத்தியிருப்பாரு. அவரு கத்தறது அப்படியே காதுல கேட்டுச்சு. அதான் சிரிப்ப அடக்க முடியல."

அப்படியே அவன் குரல். அவன் இழுக்கிற இழுப்பு, அவனுடைய அந்த 'டா'. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து ஏங்கியதைப் பார்த்து, எதிரே இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஏன் அழுகிறேன் என்பதற்கு உனக்கு ஒரு காரணம் தெரியும், எனக்கு இரண்டு தெரியும். நான் உன் சிரிப்பைத் தப்பாக எடுத்துக்கொண்ட வெட்கமும் அதில் இருந்தது.

உனக்கு ஓர் இடம் பார்க்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த ரயிலில்தான். மாமாவிடம் சொன்னபோது அவர் சரி என்று தலையை ஆட்டினார். உன்னிடம் சொன்னபோது நீ தட்டை விட்டெறிந்து, "இன்னா, தொரத்திவுடறீங்களா?" என்று கத்தினாய். துரத்தவில்லை. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். நீ துணி மடிக்கும்போது நான் பார்ப்பேன், காலர் முதலில் மடிப்பாய், ராகவனுடைய சட்டையை மடித்த மாதிரியே. நீ இருந்தால் அவன் பாதி இருக்கிற மாதிரி இருக்கிறது. அதற்காகவே உன்னை வைத்துக்கொள்ளக் கூடாது. நீ என் பிள்ளையின் மிச்சம் இல்லை, புவனா. நீ முழு மனுஷி.

கடம்பத்தூர்க்காரர் நல்லவராகத்தான் தெரிகிறார். அவரும் கட்டினவளைப் பறிகொடுத்தவர். பெண் பார்க்க வந்த அன்று டீ குடித்த டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தார். ராகவன் ஒருநாளும் அதைச் செய்ததில்லை, நீ அதை வைத்து இரண்டு பேரையும் தராசில் போடாதே. இவர் நல்லது செய்யும்போது அவனைக் குறைத்து நினைக்காதே, இவர் தப்பு செய்யும்போது அவனைத் தூக்கி வைக்காதே. சுவரில் இருந்த ராகவன் படத்துக்கு முன்னால் அவர் கொஞ்ச நேரம் கை கட்டி நின்றார், யாரும் சொல்லாமலே. அந்த மனுஷனிடம் ராகவனைப் பற்றி நீ பேசலாம். அவருடைய மனைவியைப் பற்றி அவர் பேசினால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல் கேள். வேலையை விட்டுவிடாதே. சிரிப்பு வந்தால் சிரி, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. நினைக்கிறவள் எவளாவது இருந்தால், அவளுக்கு விவரம் தெரியாது என்று விட்டுவிடு. எங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்கிறாய். எனக்கு மாமா, மாமாவுக்கு நான், இரண்டு பேருக்கும் சேர்த்து மாவு மெஷின். லோக்கல் வண்டியில் உட்கார இடம் தேடுவதற்குள் கடம்பத்தூர் வந்துவிடும், நீ என்னவோ கடல் தாண்டிப் போகிற மாதிரி பேசுகிறாய்.

வெள்ளிக்கிழமை உன் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது மாமாவும் நானும்தான். உன் அண்ணன் அதற்குச் சம்மதித்தது பெரிய மனசு. நான் தண்ணீர் ஊற்றும்போது நீ என் முகத்தைப் பார்க்காதே. உன் கையையே பார்த்துக்கொண்டிரு. நான் அழுவேன், அதை அடக்க என்னால் ஆகாது. ஆனால் கை நடுங்காமல் ஊற்றுவேன், அதற்கு நான் பொறுப்பு.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன பொங்கலுக்கு நீ பரணில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த வெல்லத்தை எடுத்து நசுக்கப் போனாய். நான் ஊரே கூடுகிற மாதிரி கத்தினேன். ஒரு வெல்லத்துக்கா இந்தக் கத்தல் என்று நீ விழித்தாய். அது அந்த ஏரியிலிருந்து எடுத்த வெல்லம். தூக்கிப்போடவும் மனசு வரவில்லை, என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

இந்த அமாவாசைக்கு நான் குளத்துக்குப் போனேன். மாவுப் பாத்திரம் வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். அவன் போன பிறகு அந்தத் தெருவில் கால் வைப்பது அதுதான் முதல்முறை. வெல்லத்தைக் குழவியால் தட்டி இரண்டாக உடைத்து எடுத்துப்போனேன். படியில் உட்கார்ந்து பெருமாளிடம், "உன்கிட்ட நான் இன்னும் பேசல. இது என் பொண்ணுக்காக" என்றேன். ஒரு பாதியைத் தண்ணீரில் விட்டேன். வெயிலில் குளம் வெதுவெதுவென்றிருந்தது. அந்தப் பனித்தண்ணீரால் ஆகாதது இங்கே என் விரலிடுக்கிலேயே இளகிப் போய்விட்டது. அது உன் பங்கு, புவனா. உன் துக்கத்தை நான் கரைத்துவிட்டேன். இனி அதைத் தூக்கிக்கொண்டு திரியாதே, திரும்பிக் கேட்காதே.

மற்ற பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அதே டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். அது என் பங்கு. அவனைப் பெற்றவள் நான், அதை எந்தத் தண்ணீரிலும் கரைக்க மாட்டேன். நான் இருக்கிறவரை அது அங்கேயே இருக்கும். அதில் உனக்கு வேலை இல்லை.

நீ போய்விட்டு வா.

உன் அத்தை